எண்ணெய்க்குள் நீர்: லிப்பியோடால் எமல்ஷன் பிரியாமல் கலப்பது எப்படி

லிப்பியோடால் எண்ணெயும், சிவப்பு நிற டாக்ஸோருபிசின் மருந்து கரைந்த நீரும் கலந்து முடித்த சிரிஞ்சை மேசையில் நிமிர்த்தி வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேலே சிவப்பாக ஓர் அடுக்கு, கீழே மஞ்சளாக எண்ணெய் என்று இரண்டாகப் பிரிந்திருந்தால், நோயாளியின் கல்லீரலுக்குள் போகப்போவது எமல்ஷன் (எண்ணெயும் நீரும் ஒன்றுக்குள் ஒன்று திவலைகளாகக் கலந்து நிற்பது) அல்ல. கொஞ்சம் வெறும் மருந்து நீர், கொஞ்சம் வெறும் எண்ணெய், அவ்வளவுதான். மருந்து நீர் கட்டியில் நிற்காது. ரத்தத்தோடு உடம்பெங்கும் ஓடிவிடும். எண்ணெய் கட்டியில் தங்கும், ஆனால் மருந்தில்லாமல். மறுநாள் சி.டி. படத்தில் கட்டி வெள்ளை வெளேரென்று தெரியும். சிகிச்சை பிரமாதம் என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த வெண்மை எண்ணெய் போன இடத்தைத்தான் காட்டும், மருந்து போன இடத்தை அல்ல.

கல்லீரல் புற்றுநோய்க்கான டேஸ் (TACE: தமனி வழியாகக் கட்டிக்கு மருந்தைச் செலுத்தி, அதன் ரத்தக்குழாயை அடைப்பது) சிகிச்சையில் எண்ணெய் எமல்ஷனை மேம்படுத்துவது என்றதும் புது மூலக்கூறு, நானோ துகள் என்று பேச்சு போய்விடுகிறது. அவற்றுக்கும் இடமுண்டு, கடைசியில் வருவோம். ஆனால் கேத் லேப் (ரத்தக்குழாய் வழிச் சிகிச்சை அறை) மேசையில் இன்றே செய்யக்கூடிய மாற்றங்கள் மூன்று: நீரைக் குறைப்பது, நீரைக் கனமாக்குவது, அந்த நீரை எண்ணெய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. இந்தக் குறிப்பு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர்கள், அவர்களோடு நிற்கும் டெக்னீஷியன்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களுக்கானது. மருந்தளவும் நோயாளித் தேர்வும் சிகிச்சை தரும் மருத்துவரின் முடிவு.

பாலா, வெண்ணெயா?

லிப்பியோடால் என்பது கசகசா எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் அயோடின் ஏற்றி, எத்தில் எஸ்டராக மாற்றியது. இதன் முதல் வடிவத்தை 1901-இல் பாரிஸில் மார்செல் கெர்பேயும் லோரான் லஃபேயும் உருவாக்கினார்கள். இன்றைய அல்ட்ரா ஃப்ளூயிட் வகையில் மில்லிக்கு 480 மி.கி. அயோடின். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் கொன்னோ குழுவினர், கல்லீரல் தமனி வழியாகச் செலுத்திய இந்த எண்ணெய் கட்டியில் மட்டும் வெகுநாள் தங்குவதைக் கண்டார்கள். இயல்பான கல்லீரல் தன் ரத்தத்தில் முக்கால் பங்கை போர்ட்டல் சிரையிலிருந்து (குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தக்குழாய்) பெறுகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனியை நம்பி வாழ்கிறது. தமனியில் விடும் எண்ணெய் கட்டிக்குப் போவது அதனால்தான். பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்து 2002-இல் வெளியான இரண்டு சோதனைகள், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சை ஆயுளை நீட்டுகிறது என்று காட்டின. முன்னதில் மருந்து டாக்ஸோருபிசின், பின்னதில் சிஸ்பிளாட்டின். மருந்து தாங்கிய மணிகள் (ரத்தக்குழாயை அடைத்து மருந்தை மெல்ல விடும் நுண்ணுருண்டைகள்) வந்தபின் எண்ணெய்க்கு வேலையிருக்காது என்றார்கள். 2010-இல் வெளியான பிரிசிஷன் ஐந்து சோதனையில், ஆறு மாதக் கட்டிச் சுருக்கத்தில் மணிகள் எண்ணெயைவிட மேல் என்று புள்ளிவிவரப்படி நிறுவ முடியவில்லை.

எண்ணெயும் நீரும் கலந்தால் இரண்டு விதமான எமல்ஷன் கிடைக்கும். நீருக்குள் கொழுப்புத் துளிகள் மிதந்தால் அது பால். கொழுப்புக்குள் நீர்த்திவலைகள் சிறைப்பட்டிருந்தால் அது வெண்ணெய். மத்தால் கடையும்போது நடப்பது இந்தத் தலைகீழ் மாற்றம்தான்: வெளியே இருந்த நீர் உள்ளே போகிறது, உள்ளே இருந்த கொழுப்பு வெளியே வருகிறது. நமக்கு வேண்டியது வெண்ணெய் வகை. அதில் டாக்ஸோருபிசின் கரைந்த நீர் ஒவ்வொரு திவலையாக எண்ணெய்ச் சுவருக்குள் அடைபட்டிருக்கும், மெதுவாகத்தான் வெளியேறும். பிசுப்பும் அதிகம் என்பதால் கட்டியின் நுண்குழாய்களில் நன்றாக அடைத்துக்கொள்ளும். பால் வகையில் மருந்து வெளி நீரில் திறந்து கிடக்கிறது. ரத்தத்தில் கலந்ததும் போயே போய்விட்டது. எண்ணெய்த் துளிகளும் கட்டியில் நிற்காமல் நுரையீரல் வரை போக வாய்ப்பு அதிகம்.

எந்த வகை கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை அளவு, வரிசை இரண்டும்தான். எண்ணெய் அதிகமாக இருக்க வேண்டும். நீர் எண்ணெய்க்குள் போக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டு எத்தனை முறை பம்ப் செய்தாலும் பால்தான் வரும்.

நீரைக் குறைப்பது: குப்பியிலேயே ஆரம்பம்

முதல் தவறு மருந்தகத்திலேயே நடந்துவிடுகிறது. டாக்ஸோருபிசின் இரண்டு வடிவில் வரும்: 2 மி.கி./மி.லி. கரைசல், உறைய உலர்த்திய பொடி. கரைசலை எடுத்தால் 50 மி.கி.க்கு 25 மி.லி. நீர். எண்ணெய் இரண்டு பங்கு, நீர் ஒரு பங்கு என்ற விகிதத்துக்கு 50 மி.லி. எண்ணெய் வேண்டும், ஆனால் ஒரு அமர்வில் 20 மி.லி.யைத் தாண்டவே கூடாது. 10 மி.லி. எண்ணெயோடு 25 மி.லி. கரைசலைக் கலந்தால் அது பால். ஆக, கரைசல் குப்பி இதற்கு உதவாது. 50 மி.கி. பொடிக் குப்பியைக் கேட்டு வாங்குங்கள். "டாக்ஸோ 50" என்று மட்டும் இன்டென்ட் எழுதினால் எது கையில் கிடைக்கிறதோ அதுதான் வரும். "பொடி, 50 மி.கி., லைப்போசோம் வகை அல்ல" என்று முழுதாக எழுதுங்கள். லைப்போசோமுக்குள் (நுண் கொழுப்புக் குமிழி) அடைத்த டாக்ஸோருபிசின் வேறு மருந்து, வேறு அளவு. ஒன்றுக்கொன்று மாற்றவே கூடாது.

சிஸ்பிளாட்டினிலும் இதே சங்கடம். 1 மி.கி./மி.லி. கரைசலில் 50 மி.கி. என்றால் 50 மி.லி. நீர். ஜப்பானில் தமனி வழிச் சிகிச்சைக்கென்றே சிஸ்பிளாட்டின் நுண்பொடி வெளியிடப்பட்டது. அங்கே எழுதப்பட்ட முறைகளை இங்கே கரைசல் குப்பியோடு அப்படியே செய்ய முடியாது.

நாம் எடுத்துக்கொள்ளும் அடிப்படை அளவு: டாக்ஸோருபிசின் 50 மி.கி., நீர்ப்பகுதி 5 மி.லி., லிப்பியோடால் 10 மி.லி. விகிதம் 2:1. கட்டி பெரிதாக இருந்து 15 மி.லி. எண்ணெய் போகும் என்றால் 3:1. எமல்ஷன் இன்னும் உறுதியாக நிற்கும். 1:1 வேண்டாம், அங்கே எந்தப் பக்கமும் சாயும்.

நீரைக் கனமாக்குவது

அதிகம் பலன் தருவதும், அதிகம் கவனிக்கப்படாமல் போவதும் இந்தப் படிதான். லிப்பியோடாலின் அடர்த்தி 20 டிகிரியில் 1.28. சலைனின் அடர்த்தி ஏறத்தாழ 1. திவலை மேலே எழும் வேகம் இரண்டுக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசத்தைப் பொறுத்தது. 0.28 வித்தியாசம் இருந்தால் மருந்துத் திவலைகள் எண்ணெயில் மேலே ஏறி, ஒன்றோடொன்று ஒட்டி, பெரிதாகி, அடுக்காகப் பிரியும். முதல் பத்தியில் சொன்ன சிவப்பு அடுக்கு இப்படித்தான் வருகிறது. வித்தியாசத்தைச் சுழியமாக்கினால் திவலைக்கு எழவும் காரணமில்லை, இறங்கவும் காரணமில்லை.

இதற்கு நீரில் அயனியல்லாத கான்ட்ராஸ்ட் (எக்ஸ்-ரேயில் தெரியும் அயோடின் திரவம்) சேர்க்க வேண்டும். அயோஹெக்ஸால் அப்படி ஒன்று; பெயரோடு வரும் எண், மில்லிக்கு எத்தனை மி.கி. அயோடின் என்பது. அயோஹெக்ஸால் 300-இன் ஒப்படர்த்தி 37 டிகிரியில் 1.349, அயோஹெக்ஸால் 350-இன் ஒப்படர்த்தி 1.406. கணக்குப் பாருங்கள்: அயோஹெக்ஸால் 300 நான்கு மி.லி., ஊசிக்கான நீர் ஒரு மி.லி. சேர்த்தால் ஐந்து மி.லி.க்குச் சராசரி 1.28. எண்ணெயோடு அப்படியே பொருந்துகிறது. அயோஹெக்ஸால் 240 கிடைத்தால் அதன் ஒப்படர்த்தியே 1.280, நீர் சேர்க்கவே வேண்டாம். பொடிக் குப்பியில் இருக்கும் லாக்டோஸ் அடர்த்தியைச் சற்றுக் கூட்டும், பொருட்படுத்த வேண்டியதில்லை.

பாதி சலைன், பாதி கான்ட்ராஸ்ட் என்று கலக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அடர்த்தி 1.17-ஐ ஒட்டி வரும். வெறும் சலைனைவிட மேல், ஆனால் பாதி வழிதான். நேராக 350-ஐ எடுத்தால் திவலை எண்ணெயைவிடக் கனமாகி கீழே இறங்கும். அப்போது சிவப்பு அடுக்கு அடியில் சேரும். சிரிஞ்சில் எந்தப் பக்கம் சிவப்பு சேர்கிறது என்று பார்த்தாலே நீர்ப்பகுதி லேசா, கனமா என்று தெரிந்துவிடும்.

கரைக்கும்போது முதலில் 1 மி.லி. நீரை மட்டும் பொடியில் விடாதீர்கள். அவ்வளவு செறிவில் டாக்ஸோருபிசின் பசைபோலக் கட்டிக்கொண்டு, பிறகு கான்ட்ராஸ்ட் சேர்த்தாலும் கரைய அடம்பிடிக்கும். நீரையும் கான்ட்ராஸ்ட்டையும் ஒரே சிரிஞ்சில் முன்பே கலந்து, 5 மி.லி.யையும் சேர்த்தே விடுங்கள். குலுக்க வேண்டாம், நுரை வரும். உள்ளங்கையில் உருட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு துணுக்கும் தெரியக்கூடாது.

இன்னொன்று: கேத் லேப் மேசையில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் கலந்த சலைன் கிண்ணம் எப்போதும் இருக்கும். டாக்ஸோருபிசினும் ஹெப்பரினும் சேர்ந்தால் வீழ்படிவு உண்டாகும். மருந்து தொடும் எந்தச் சிரிஞ்சையும் அந்தக் கிண்ணத்தில் அலசக்கூடாது. மருந்துக்கு முன்னும் பின்னும் மைக்ரோகதீட்டரையும் (தமனிக்குள் விடும் மெல்லிய குழாய்) அதனால் கழுவக்கூடாது. வெறும் சலைனுக்குத் தனிக் கிண்ணம், அதன்மேல் பெயர்.

எண்ணெயும் பிளாஸ்டிக்கும்

ஆம்பூல் எண்ணெய் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். நிறம் கருத்திருந்தால் எறிந்துவிடுங்கள். உடைத்த ஆம்பூலை அடுத்த நோயாளிக்கு வைக்கக்கூடாது. பாலிஸ்டைரீனை லிப்பியோடால் கரைத்துவிடும். பாலிகார்பனேட்டை விரிசல் விடச் செய்யும். பளிங்குபோலத் தெளிவாக இருக்கும் சாதாரண த்ரீவே (மூன்று வாயுள்ள திருப்புக்குழாய்) பெரும்பாலும் பாலிகார்பனேட். அதில் இருபது முறை அழுத்திப் பம்ப் செய்தால் கழுத்தில் மயிரிழை விரிசல் ஓடி, சிவப்பு மருந்து கசியும். சில நேரம் முகத்தில் தெறிக்கும். உலோக த்ரீவே, அல்லது லிப்பியோடாலைத் தாங்கும் என்று உறையிலேயே அச்சிட்டது மட்டும் போதும். சிரிஞ்சும் கண்ணாடி, அல்லது அதே உத்தரவாதம் உள்ளது. எல்லாம் லூயர் லாக் (முறுக்கிப் பூட்டும் வகை); சும்மா செருகும் மூக்குள்ள சிரிஞ்சு இந்த வேலைக்கு ஆகாது.

எண்ணெயைச் சூடாக்கலாமா? 20 டிகிரியில் லிப்பியோடாலின் பிசுப்பு 70 மில்லிபாஸ்கல்-நொடி, 37 டிகிரியில் 25. சூடாக்கினால் தள்ளுவது எளிது. ஆனால் பிசுப்புதான் திவலைகளைப் பிடித்து நிறுத்துவதும். அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் பிரியும் வேகம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். குளிர்ந்த ஆம்பூலை அறை வெப்பத்துக்கு வர விடுங்கள், அதற்குமேல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கதீட்டருக்குள் போனபின் உடம்புச் சூடு தானாக வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஜப்பானில் மிரிப்ளாட்டின் என்னும் மருந்தை எண்ணெயோடு சூடாக்கித் தந்தது வேறு கதை: அது பொடி மிதக்கும் கலவை, நீர்த்திவலையே அதில் இல்லை.

கலக்கும் முறை

கீமோ கையுறை இரண்டு அடுக்கு, நீர் புகா மேலங்கி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. மேசையில் உறிஞ்சும் விரிப்பு. சிந்தினால் துடைக்கும் பொருட்கள் கைக்கெட்டும் தூரத்தில். மைக்ரோகதீட்டர் கட்டிக்கு உணவூட்டும் கிளையில் போய் நின்றபிறகுதான் கலக்கத் தொடங்க வேண்டும். முன்கூட்டியே கலந்து வைப்பது, கடைந்த வெண்ணெயை வெயிலில் வைப்பது மாதிரி.

1. 20 மி.லி. சிரிஞ்சு ஒன்றில் 10 மி.லி. லிப்பியோடால். இன்னொரு 20 மி.லி. சிரிஞ்சு காலி. இரண்டையும் த்ரீவேயின் இரு வாய்களில் முறுக்குங்கள். மூன்றாவது வாயில் 5 மி.லி. மருந்து நீர் உள்ள சிரிஞ்சு. மூன்றிலும் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்; காற்று இருந்தால் நுரைதான் மிஞ்சும்.

2. த்ரீவேயின் திருகைத் திருப்பி, மருந்துச் சிரிஞ்சிலிருந்து எண்ணெய்ச் சிரிஞ்சுக்குள் 1 மி.லி. தள்ளுங்கள். எண்ணெயை மருந்துக்குள் தள்ளக்கூடாது. ஒரே ஒரு முறை திசை மாறினாலும் பால் வகைக்கு வழி திறந்துவிடும்.

3. திருகை மாற்றி, எண்ணெய்ச் சிரிஞ்சுக்கும் காலிச் சிரிஞ்சுக்கும் இடையே ஐந்து முறை வேகமாகக் கடத்துங்கள். எல்லாவற்றையும் மறுபடி எண்ணெய்ச் சிரிஞ்சுக்கே கொண்டுவாருங்கள்.

4. அடுத்த 1 மி.லி. இப்படியே ஐந்து தவணை. எந்தக் கட்டத்திலும் எண்ணெய்தான் மிகுதி. நீர் ஒருபோதும் மேலோங்க வாய்ப்பில்லை. இரண்டு சிரிஞ்சை மட்டும் பூட்டி மொத்தத்தையும் ஒரேயடியாகக் கடைவதைவிட இது இரண்டு நிமிடம் கூடுதல். அந்த இரண்டு நிமிடம் வீண்போகாது.

5. கடைசித் தவணைக்குப் பின் குறைந்தது இருபது முறை, தயங்காமல், முழு அழுத்தத்தோடு. திவலையைச் சிறிதாக உடைப்பது த்ரீவேயின் குறுகிய துளையில் உண்டாகும் வேகம். மெதுவாக இருபது முறை என்பது வேகமாக இருபது முறைக்குச் சமமல்ல. கைக்குத் தடை கூடிக்கொண்டே வருவது தெரியும். அதுதான் வெண்ணெய் திரளும் அடையாளம். தடை கூடாமல் தண்ணீர்போல ஓடிக்கொண்டிருந்தால் பால் வகை என்று சந்தேகப்படுங்கள்.

6. காலியான மருந்துச் சிரிஞ்சைக் கழற்றி, அதே வாயில் செலுத்தும் சிரிஞ்சைப் பூட்டுங்கள். இரண்டு பெரிய சிரிஞ்சுகளும் கடைசி மில்லி வரை பூட்டியே இருக்கட்டும். ஒவ்வொரு தடவை எடுக்கும் முன்பும் ஐந்தாறு முறை மறுபடி கடையுங்கள்.

துளிச் சோதனை

இதை விடாதீர்கள், அரை நிமிடம்தான். சிறு கிண்ணத்தில் வெறும் சலைன். மழுங்கிய ஊசியின் நுனியில் ஒரு துளி எமல்ஷனை நீர்மட்டத்துக்கு அருகில் பிடித்து விடுங்கள். சரியான எமல்ஷன் ஆரஞ்சுச் சிவப்பு மணியாக உருண்டு அடியில் போய் உட்காரும்; சுற்றிலும் சலைன் தெளிவாகவே இருக்கும். பால் வகையாக இருந்தால் துளி நீரில் பட்டதுமே சிவப்புப் புகையாக விரிந்து கிண்ணமே கலங்கும். மணி உருண்டாலும் பின்னால் இளஞ்சிவப்பு வால் இழுத்தால், அடைபடாத மருந்து நீர் கொஞ்சம் மிச்சமிருக்கிறது: இன்னும் பத்து முறை கடைந்து மறுபடி பாருங்கள். வால் போகாவிட்டால் 2 மி.லி. எண்ணெய் சேர்த்துக் கடையலாம். மொத்த எண்ணெய் வரம்பை மனதில் வையுங்கள். முழுப் புகை வந்தால் அந்தக் கலவையைத் திருத்த முயலாதீர்கள். எங்கே நீர் மிஞ்சியது என்று பார்த்துவிட்டு புதிதாகத் தொடங்குங்கள்.

புதியவர்கள் கை பழக, மருந்துக்குப் பதில் சாயம் கலந்த கான்ட்ராஸ்ட்டை வைத்துப் பயிற்சி எடுக்கலாம். கைவாகு வரும். ஆனால் அதில் கிடைக்கும் நிலைப்பு நேரத்தை மருந்துக்குப் பொருத்திப் பார்க்கக்கூடாது. டாக்ஸோருபிசின் தானே எண்ணெய்-நீர் எல்லையில் ஒட்டும் தன்மையுள்ளது. சாயத்தின் நடத்தை வேறு.

செலுத்துவது

வெண்ணெய் வகை எமல்ஷன் வெறும் எண்ணெயைவிடக் கெட்டி. மைக்ரோகதீட்டரின் உள்விட்டம் 0.027 அங்குலத்திலிருந்து 0.021-க்கு இறங்கினால் தடை 2.7 மடங்கு கூடும். 1 மி.லி. அல்லது 3 மி.லி. சிரிஞ்சால் தள்ளுங்கள்; அதே விரல் பலத்தில் சிறிய சிரிஞ்சு அதிக அழுத்தம் தரும். அதே காரணத்தால் கதீட்டர் வெடிக்கவும் கூடும். உறையில் போட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் படித்துவிட்டுத் தள்ளுங்கள். தள்ள முடியவில்லை என்பதற்காக எமல்ஷனில் சலைன் கலப்பவர்கள் உண்டு. அந்த நொடியில் இதுவரை செய்தது எல்லாம் பாழ்.

தொடங்கும் முன் ஆஞ்சியோ படத்தில் தமனியிலிருந்து கல்லீரல் சிரைக்கோ போர்ட்டல் சிரைக்கோ குறுக்குப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். கல்லீரல் சிரைக்குப் பாதை இருந்தால் எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போகும்; அதை அடைக்காமல் ஒரு மில்லிகூட விடக்கூடாது. பித்தப்பைத் தமனி, வலது இரைப்பைத் தமனி ஆகியவற்றைத் தாண்டி நுனி நிற்க வேண்டும். வலது கீழ் உதரவிதானத் தமனி வழியாகக் கட்டிக்குச் செலுத்தும்போது கூடுதல் எச்சரிக்கை: அங்கிருந்து நுரையீரல் குழாய்களுக்கும், அதைத் தாண்டி மூளைக்கும் எண்ணெய் போன நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

நிமிடத்துக்கு ஒரு மில்லிக்கு மேல் வேண்டாம். ஃப்ளூரோ (நேரலை எக்ஸ்-ரே) திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் வழிகிறதா என்று பார்த்தபடியே தள்ளுங்கள். கட்டியின் குறுக்களவு செ.மீ.க்கு ஏறத்தாழ 1 மி.லி. எண்ணெய் என்று தொடக்கக் கணக்கு வைக்கலாம். நிறுத்தும் இடத்தைச் சொல்வது அந்தக் கணக்கல்ல, படம். கட்டி நிரம்பி, அதைச் சுற்றிய சிறு போர்ட்டல் கிளைகள் மெல்லிய கோடுகளாகத் தெரியத் தொடங்கினால் போதும். தமனியிலிருந்து எண்ணெய் கட்டியைத் தாண்டி சிரைப் பக்கமும் வந்துவிட்டது என்று பொருள். இரு பக்க அடைப்பு கிடைத்துவிட்டது. 5 முதல் 15 மி.லி. எண்ணெய்க்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

மைக்ரோகதீட்டருக்குள்ளேயே 0.3 முதல் 0.5 மி.லி. எமல்ஷன் தங்கியிருக்கும். அவசரமாகச் சலைனால் அடித்துத் தள்ளினால் அது பின்னால் வழிந்து ஆரோக்கியமான கிளைக்குப் போகும். கான்ட்ராஸ்ட்டால், மெதுவாக, பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். பிறகு தமனியை அடைக்க ஜெலட்டின் ஸ்பாஞ்சு: ஒரு மி.மீ. துண்டுகளாக வெட்டி, கான்ட்ராஸ்ட்டில் ஊறவைத்துச் செலுத்த வேண்டும். இதைத் தவிர்த்தால் பின்னால் வரும் ரத்தம் எமல்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அலசிக்கொண்டு போய்விடும். எவ்வளவு நல்ல எமல்ஷனாக இருந்தாலும் கதவைச் சாத்தாத வீடுதான் அது.

பதிவேட்டில் "டாக்ஸோ 50 மி.கி. டேஸ்" என்று எழுதுவது தவறு, முழுதும் உள்ளே போயிருந்தால் ஒழிய. 15 மி.லி. எமல்ஷனில் 50 மி.கி.; 9 மி.லி. செலுத்தியிருந்தால் நோயாளிக்குப் போனது 30 மி.கி. இந்த மருந்து சேரச் சேர இதயத்தைப் பாதிக்கும் என்பதால், வாழ்நாள் மொத்த டாக்ஸோருபிசின் அளவைக் கூட்டிப் பார்க்கும் இதய மருத்துவருக்கு இந்த எண் வேண்டும். விகிதம், தவணை எண்ணிக்கை, கலந்த நேரம், துளிச் சோதனை முடிவு ஆகியவற்றையும் ஒரு வரியில் குறித்துவிடுங்கள். மிச்ச எமல்ஷன், சிரிஞ்சு, கையுறை எல்லாம் செல்நச்சுக் குறியிட்ட மஞ்சள் பைக்கு. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள் இவற்றை 1200 டிகிரிக்கு மேல் எரிக்கச் சொல்கின்றன.

தொடர்பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. எண்ணெயின் வெண்மை சி.டி.யில் மிச்சக் கட்டியின் ரத்தவோட்டத்தை மறைத்துவிடும். நான்கு முதல் ஆறு வாரத்தில் பார்க்கும்போது எம்.ஆர்.ஐ. வைத்திருந்தால் அதில் பாருங்கள். அயோடின் அங்கே கண்ணைக் கட்டாது.

மேசைக்கு அப்பால்

இதுவரை சொன்னது எல்லாம், எல்லையில் ஒட்டி நிற்கும் காவலாளி எதுவும் இல்லாத எமல்ஷன். எவ்வளவு சரியாகக் கலந்தாலும் என்றாவது பிரியத்தான் செய்யும். ஆராய்ச்சி மூன்று வழிகளில் போகிறது.

முதல் வழி, நீரையே ஒழிப்பது. மருந்தை எண்ணெயில் கரையும்படி அல்லது மிதக்கும்படி மாற்றினால் எமல்ஷனே தேவையில்லை. இதற்காகவே உருவான பிளாட்டின மருந்து மிரிப்ளாட்டின். ஜப்பானில் 2009-இல் அனுமதி. டாக்ஸோருபிசினின் உறவு மருந்தான எபிரூபிசினோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய சோதனையில் ஆயுள் கூடவில்லை. எண்ணெயில் நன்றாகத் தங்குவது மட்டும் போதாது, உரிய வேகத்தில் வெளியே வரவும் வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டாக்ஸோருபிசினைவிட எண்ணெய் நாட்டம் உள்ள இடாருபிசின் இன்னொரு வேட்பாளர். சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகக் குழு, மீநிலை (வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலை) கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தி, நீரில் கரையும் இண்டோசயனின் கிரீன் என்னும் ஒளிரும் சாயத்தை லிப்பியோடாலில் சீராகப் பரப்பியது. அறுவையின்போது கட்டியின் எல்லையை ஒளிரச் செய்ய அது உதவும்.

இரண்டாவது வழி, துகள்களைக் காவல் வைப்பது. திவலையின் மேற்பரப்பில் நுண்துகள்கள் சோழிபோல நெருக்கமாக ஒட்டிக்கொண்டால் இரண்டு திவலைகள் ஒன்றாகச் சேர முடியாது. இதைப் பிக்கரிங் எமல்ஷன் என்பார்கள்; 1907-இல் இதைப் பற்றி எழுதியவரின் பெயர் நிலைத்துவிட்டது. உடம்பில் கரைந்துபோகும் பி.எல்.ஜி.ஏ. என்னும் பாலிமரின் நானோதுகள்களை மருந்து நீரில் கலந்து, அதை லிப்பியோடாலில் கடைவது பிரான்சில் ஆராயப்பட்ட முறை. எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவதும் இதுதான்; ஏனெனில் மேசையில் செய்யும் வேலை அப்படியே இருக்கிறது, குப்பிதான் மாறுகிறது.

மூன்றாவது, சோப்பு மாதிரியான எமல்ஷன் காரணிகள். இங்கே வீட்டு வைத்தியம் கூடாது. பாலிசார்பேட் 80 போன்ற நீர் நாட்டமுள்ள காரணியைச் சேர்த்தால் அது எமல்ஷனைப் பால் பக்கமே திருப்பிவிடும்; வேண்டியதற்கு நேர் எதிர். சில கீமோ மருந்துகளின் கரைப்பானிலேயே இது இருக்கிறது. அவற்றை எண்ணெயோடு கடைந்து பார்க்கும் ஆசை வந்தால் குப்பியின் சேர்மானப் பட்டியலை முதலில் படியுங்கள். எண்ணெய் நாட்டமுள்ள காரணிகள் சரியான வகையைத் தந்தாலும், தமனிக்குள் விட அனுமதி பெறாத எதுவும் ஆய்வகத்தோடு நிற்க வேண்டும்.

புதுச் சேர்மானம் ஒன்றை ஆய்வகத்தில் சோதிப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நான்கு அளவுகளை எடுங்கள். துளிச் சோதனையில் வகை. நுண்ணோக்கியில் திவலையின் விட்டம், கலந்தவுடனும் ஒரு மணி நேரம் கழித்தும். 37 டிகிரிச் சலைனில் மருந்து வெளியேறும் வேகம், வெறும் மருந்து நீரோடு ஒப்பிட்டு. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நிஜ மைக்ரோகதீட்டர் வழியாகத் தள்ளி, மறுமுனையில் சொட்டும் துளியைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து மறுபடி திவலையை அளப்பது. சிரிஞ்சுக்குள் நாள்முழுக்க நிற்கும் எமல்ஷன் 130 செ.மீ. நீளக் குறுகிய குழாயைத் தாண்டும்போது உடைந்துபோகலாம். கட்டிக்குள் போவது சிரிஞ்சில் இருந்தது அல்ல, அந்த மறுமுனையில் சொட்டுவதுதான்.